முதல் நாள் சீட்டும் மூன்றாம் நாள் செய்தியும்

உடல்நலப் பகுதி

சென்ற தை மாதத்தில் ஓர் இரவு பதினொரு மணி அளவில் நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் அம்பாசமுத்திரத்துப் பக்கத்தவர். பல்லாண்டுகளாக மாட்டுங்காவில் குடியிருப்பவர். குரலில் நடுக்கம் இருந்தது. நடுக்கத்தினும் மிகுதியாகச் சினம் இருந்தது. அவருடைய தமக்கையின் மகன், இருபத்து நான்கு வயது இளைஞன், வேலைக்கென்று இந்நகருக்கு வந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. மூன்று நாட்களுக்கு முன் சரக்கு டெம்போ ஒன்று கவிழ்ந்து, அவனுடைய தொடைகள் இரண்டும் அதன் அடியில் சிக்கிக்கொண்டன. வண்டியைத் தூக்கி அவனை வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்ததாம்.

“மருத்துவமனையில் சேர்த்த அன்றே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், டாக்டர். சிறுநீரகத்துக்கான எண் 1.1. சரியான அளவுக்குள் இருக்கிறது என்று சீட்டிலேயே அச்சிட்டிருந்தது. ‘அக்கா, அழாதே, சிறுநீரகமெல்லாம் நன்றாக இருக்கிறதாம்’ என்று ஊருக்கு நானே சொன்னேன். இன்று 4.6 என்கிறார்கள். டயாலிஸிஸ் செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். நன்றாக இருந்த சிறுநீரகத்தை மூன்று நாளில் கெடுத்துவிட்டு, அதற்கும் நம்மிடமே பணம் கேட்கிறார்களே! மாலை ஏழு மணியிலிருந்து கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்வது?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் கொண்ட முடிவு மட்டுமே தவறு. அத்தவறு நம்மில் எவருக்கும் நேரக்கூடியதாகையால், இத்திங்கள் அதனையே எழுதத் துணிந்தேன். எழுதும்படி வற்புறுத்தியவரும் அவரே.

அடி காலில், கேடு சிறுநீரகத்தில்

கால் நசுங்கினால் சிறுநீரகம் ஏன் கெடவேண்டும் என்பதே முதல் ஐயம்.

நம் முதுகுப்புறத்தில், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி அமைந்துள்ள சிறுநீரகங்கள் இரண்டும் கைப்பிடியளவினவே. ஆயினும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்விரண்டுக்குமே செல்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர் இவற்றின் வழியே வடிகிறது. அதில் பெரும்பகுதியை உடல் மீட்டுக்கொள்ள, ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. இத்துணைப் பெரும்பணி செய்யும் உறுப்புக்கு இரத்த ஓட்டம் குறைந்தால், அது நெடுநேரம் தாங்காது.

பெருங்காயம் பட்டவருடைய சிறுநீரகத்தை மூன்று கேடுகள் தாக்குகின்றன. முதலாவது, இரத்தப் பெருக்கு. இரத்தம் வெளியேறி அழுத்தம் வீழ்ந்தால், உடல் தன் மூளையையும் இதயத்தையும் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சிறுநீரகத்துக்குச் செல்லும் ஓட்டத்தைக் குறைத்துவிடும். இரண்டாவது, நசுங்கிய தசை. தசைக்குச் செந்நிறம் தரும் மயோகுளோபின் என்னும் புரதம், தசையணுக்கள் சிதையும்போது இரத்தத்தில் கலக்கிறது. சிறிய புரதமாகையால் வடிகட்டியைக் கடந்து, நுண்குழாய்களில் தேங்கி அவற்றை அடைக்கிறது. குழாய்ச் சுவர்களுக்கு நஞ்சாகவும் ஆகிறது. மூன்றாவது, பின்தொடர்ந்து வரும் அழற்சியும் தொற்றும். இவற்றோடு, தேவையை முன்னிட்டுத் தரப்படும் சில மருந்துகளும் சேர்ந்துகொள்கின்றன.

காலைப் பிடித்த கேடு சிறுநீரகத்தை எட்டும் பாதை இரத்தமே. ஆகவே, இரத்தத்தைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால், வரப்போவதை ஓரளவு முன்னதாகவே அறியலாம்.

லண்டன் கற்றுத்தந்த பாடம்

முதல் உலகப் போரில் மண்ணுள் புதையுண்டு மாண்ட ஜெர்மானியப் போர்வீரர்களின் சிறுநீரகங்களை ஆராய்ந்து, மினாமி என்னும் ஜப்பானிய மருத்துவர் 1923ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அவர் எழுதியதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் 1940ஆம் ஆண்டின் பிற்பகுதி தொடங்கி லண்டன் மாநகர்மீது இரவுதோறும் குண்டுகள் விழுந்தபோதுதான் அப்பாடத்தை உலகம் மீண்டும் கற்றது.

இடிந்த வீடுகளின் அடியில் பல மணி நேரம் கிடந்தவர்களை உயிரோடு மீட்டு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். வந்தபோது அவர்கள் ஓரளவு நல்ல நிலையிலேயே காணப்பட்டனர். கால் வீங்கியிருந்ததே குறை. சில மணி நேரத்தில் இரத்த அழுத்தம் வீழ்ந்தது. இரத்தம் ஏற்றியதும் தேறினர். மீட்டவர்களும் உறவினரும் ஆறுதல் கொண்டனர். ஆனால், சிறுநீர் கருநிறம் கொண்டு நாளுக்கு நாள் குறைந்தது; ஒரு வாரத்துக்குள் பலர் திடீரென்று இறந்தனர். ஹாமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த எரிக் பைவாட்டர்ஸும் அவருடைய தோழர் பீலும் இத்தகைய நால்வரைப் பற்றி 1941ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினர். சிறுநீரைக் கருக்கச் செய்தது மயோகுளோபினே என்பதும் அவ்வாண்டிலேயே தெளிவாயிற்று.

முதல் நாளில் நன்றாக இருப்பதும், முடிவில் நன்றாக இருக்கப்போவதும் ஒன்றல்ல என்பதே இதிலிருந்து கிடைத்த பாடம். எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் அப்பாடம் மாறவில்லை. இன்று நம்மிடையே வீடுகளை இடிக்கும் குண்டுகள் இல்லை. ஆனால், சாலைகள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். மழைக்காலத்தில் இடிந்து விழும் பழங்கட்டடங்களும், கட்டட வேலையில் சரியும் மண்ணும் இக்கணக்கில் சேரா.

கிரியாட்டினின்: உண்மையே சொல்லும், தாமதமாகச் சொல்லும்

அன்பர் குறிப்பிட்ட 1.1 என்பது கிரியாட்டினின் அளவு. தசைகள் நாள்தோறும் வெளிவிடும் கழிவுப்பொருள் இது. இதனைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. வெளியேற்றாவிட்டால் இரத்தத்தில் தேங்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஆடவர்க்கு ஏறத்தாழ 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரை இருப்பது இயல்பு என்று ஆய்வுக்கூடங்கள் அச்சிடுகின்றன. மலிவான பரிசோதனை, எங்கும் கிடைப்பது, நம்பத்தக்கதும்கூட. ஆனால், மூன்று குறைகள் இதற்கு உண்டு.

முதற்குறை காலதாமதம். தொட்டியின் வடிகால் அடைபட்ட கணத்திலேயே தொட்டி நிரம்பிவிடுமா? நீர் மெல்ல மெல்ல அன்றோ ஏறும்! அவ்வாறே, இரு சிறுநீரகங்களும் ஒருங்கே வேலைநிறுத்தம் செய்தாலும், கிரியாட்டினின் நாளொன்றுக்கு 1 அல்லது 1.5 மில்லிகிராம் அளவே ஏறும். தசை மிகச் சிதைந்திருந்தால் சற்று விரைவாக ஏறலாம். ஆகவே, விபத்து நடந்து சில மணி நேரத்தில் எடுத்த இரத்தம், விபத்துக்கு முந்திய சிறுநீரகத்தைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது.

இரண்டாவது, கலப்பு. பெருங்காயம் பட்டவருக்கு லிட்டர் கணக்கில் உப்புநீரும் இரத்தமும் ஏற்றுகிறார்கள். மோரில் நீர் வார்த்தால் புளிப்புக் குறைவதுபோல, இதனால் கிரியாட்டினினும் குறைவாகத் தோன்றக்கூடும்.

மூன்றாவது குறையே நம்மவர்க்கு மிகவும் முக்கியமானது. சீட்டில் அச்சிட்ட இயல்பளவு ஊருக்கெல்லாம் பொது. உங்கள் உடலுக்கு உரிய அளவு வேறு. 2012ஆம் ஆண்டில் வெளியான உலகளாவிய நெறிமுறை, 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 ஏறினாலும், ஒருவருடைய பழைய அளவைப்போல் ஒரு வாரத்துக்குள் ஒன்றரை மடங்கு ஆனாலும் சிறுநீரகம் ஊறுபட்டது என்று கொள்கிறது. 0.7 இருந்த ஒருவனுக்கு 1.1 ஆனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். சீட்டோ ‘இயல்பு’ என்று அச்சிட்டுத் தருகிறது! சீட்டு பொய் சொல்லவில்லை. அவனுடைய பழைய எண்ணை அது அறியாது, அவ்வளவே.

முந்திப் பேசும் எண்கள்

கிரியாட்டினின் பிந்திப் பேசுமாயின், முந்திப் பேசுவன எவை? அன்றிரவு நான் அன்பரிடம் கேட்டவை இவற்றைப் பற்றியனவே.

“சி.கே. என்று ஓர் எண் கோப்பில் இருக்கிறதா, பாருங்கள்” என்றேன். கிரியேட்டின் கைனேஸ் என்பதன் சுருக்கம் அது. தசையணுக்களுக்குள் இருக்கவேண்டிய நொதி. தசை சிதைந்தால் இரத்தத்துக்கு வருகிறது. இயல்பில் லிட்டருக்கு ஏறத்தாழ 200 அலகுக்குள் இருக்கும். 5,000ஐத் தாண்டினால் சிறுநீரகத்துக்கு ஆபத்து கூடுகிறது என்று மருத்துவர்கள் விழிப்படைகிறார்கள். ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை அடைந்து, பின் இறங்கும். இறங்கவேண்டிய நாளில் மீண்டும் ஏறினால், எங்கோ தசை இன்னும் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மருமகனுக்கு இரண்டாம் நாள் கண்ட எண் 38,000.

“முதல் நாள் சிறுநீர் எந்த நிறத்தில் இருந்தது?” என்றேன். “கடுந்தேநீர்போல் கறுத்திருந்தது. இரத்தம் கலந்திருக்கும் என்று நினைத்தோம்” என்றார். அது மயோகுளோபின் என்று ஐயுறத்தக்க நிறம். மயோகுளோபினை இரத்தத்திலும் அளக்கலாம். ஆயினும், அதில் பாதி இரண்டு மூன்று மணி நேரத்தில் மறைந்துவிடுவதால், தாமதித்துப் பார்ப்பவர்க்கு அகப்படாமலும் போகும். சிறுநீரில் தோய்க்கும் தாள் ‘இரத்தம் உண்டு’ என்று நிறம் மாற, நுண்நோக்கியில் பார்த்தால் சிவப்பணு ஒன்றும் இல்லை என்றால், மயோகுளோபினை ஐயுறுவது மருத்துவர் வழக்கம். செலவு மிகக் குறைந்த சோதனை அது.

அடுத்தது பொட்டாசியம். அணுக்களுக்குள் இருக்கவேண்டிய இவ்வுப்பு, சிதைந்த தசையிலிருந்து வெள்ளமாக வெளியேறுகிறது. லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கவேண்டியது 6.5ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே நிலைகுலையலாம். சிறுநீரகம் கெட்டவர் அக்கேட்டினால் மெல்ல மெல்ல வாடுவார் என்று நாம் எண்ணுகிறோம். பொட்டாசியமோ கணத்தில் கொன்றுவிடும். அன்றிரவு அவ்விளைஞனுக்கு இருந்தது 6.6.

லாக்டேட் என்னும் அமிலமும் உண்டு. உடலின் திசுக்களுக்குப் போதிய பிராணவாயு கிட்டாதபோது அது பெருகுகிறது. 2 மில்லிமோலுக்குள் இருக்கவேண்டியது ஏறி, ஏறிய இடத்திலேயே நிற்குமாயின், இரத்த ஓட்டம் இன்னும் சீர்ப்படவில்லை என்று பொருள். சிறுநீரகமும் பட்டினி கிடக்கிறது என்று ஊகிக்கலாம். இரத்தத்தின் பைகார்பனேட் குறைவதும், சுண்ணாம்புச் சத்து தாழ்வதும், பாஸ்பேட் உயர்வதும் இதே கதையின் வெவ்வேறு அத்தியாயங்கள்.

புதிய சோதனைகளும் வந்துள்ளன. சிஸ்டாட்டின் சி என்னும் புரதத்தைத் தசை மட்டுமன்றி, உட்கரு உடைய எல்லா அணுக்களும் உற்பத்தி செய்கின்றன; ஆகையால் ஒல்லியானவர்க்கும் பயில்வானுக்கும் அளவு பெரிதும் வேறுபடுவதில்லை. என்.ஜி.ஏ.எல். என்பது ஊறுபட்ட சிறுநீரக நுண்குழாய் வெளிவிடும் புரதம். அமெரிக்காவில் பிரசாத் தேவராஜன் முதலியோர் இதய அறுவை செய்துகொண்ட 71 குழந்தைகளை ஆராய்ந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், இப்புரதம் இரண்டே மணி நேரத்தில் உயர்ந்ததையும், கிரியாட்டினின் உயர ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆனதையும் காட்டினர். மருத்துவ உலகம் பெரிதும் மகிழ்ந்தது. ஆனால், அறுவை மேசையில் கிடந்த குழந்தைக்குக் கேடு தொடங்கிய மணி தெரியும். வேறு காயமும் பெரிதாக இல்லை. சாலையில் நசுங்கியவருக்கோ எலும்பு முறிவு, நுரையீரல் காயம், தொற்று எனப் பல துன்பங்கள். வெள்ளணுக்களும் இதே புரதத்தை வெளிவிடுவதால், மணி அடிக்கிறது என்று தெரிந்தாலும், எந்த வீட்டு மணி என்று தெரிவதில்லை. இன்னல் உற்ற சிறுநீரக அணுக்கள் வெளிவிடும் வேறிரு புரதங்களைச் சிறுநீரில் அளந்து, அடுத்த 12 மணி நேரத்தில் வரக்கூடிய ஆபத்தைக் கணிக்கும் சோதனைக்கு அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2014ஆம் ஆண்டில் அனுமதி அளித்தது. இவை யாவும் மருத்துவர் கையில் துணைக்கருவிகள், சோதிடம் அல்ல.

அன்றியும், விலையுயர்ந்த ஒரே எண்ணைத் தேடி அலைவதினும், மலிவான பல எண்களை ஒருங்கே வைத்துப் பார்ப்பது பயன் தருகிறது. தசைச் சிதைவுற்ற 2,371 நோயாளிகளின் குறிப்புகளைப் பாஸ்டன் நகரத்து மருத்துவமனைகள் இரண்டில் ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் மக்மஹான் என்பாரும் அவர் தோழர்களும் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். வயது, பாலினம், சிதைவின் காரணம் ஆகியவற்றோடு, சேர்ந்த அன்று கண்ட கிரியாட்டினின், சி.கே., சுண்ணாம்புச் சத்து, பாஸ்பேட், பைகார்பனேட் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்தால், சிறுநீரகம் கடுமையாகக் கெடுமா என்பதைக் கணிக்க இயலும் என்று காட்டினர். இவ்வெண்களை நம் நாட்டிலும் பல மருத்துவமனைகளில் பார்த்துவிடலாம்.

முன்னரே அறிந்து பயன் என்ன?

ஊறுபட்ட சிறுநீரகத்தை உடனே குணப்படுத்தும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும், கேடு வருமுன் காக்க வழியுண்டு. நசுங்கிக் கிடப்பவருக்கு, கூடுமாயின் இடிபாட்டிலிருந்து வெளியே எடுக்குமுன்பே, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றத் தொடங்கவேண்டும் என்பது பேரிடர் மருத்துவத்தின் விதி. ஓடும் நீர் மயோகுளோபினைத் தேங்கவிடாது அடித்துச் செல்லும். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளைத் தவிர்ப்பது, இரத்தத்தை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சோதிப்பது ஆகியவை அடுத்தவை. நீரும் அளவறிந்தே ஏற்றவேண்டும். சிறுநீர் இறங்காதவருக்கு ஏற்றிக்கொண்டே போனால், நுரையீரலில் நீர் கோத்துவிடும். இவ்வளவு செய்தும் சிலர்க்குச் சிறுநீரகம் நின்றுவிடும். அப்போது துணைக்கு வருவதே டயாலிஸிஸ்.

ஹாலந்து நாட்டில், பகைவர் பிடியில் இருந்த காம்பன் என்னும் சிற்றூரில், வில்லெம் கோல்ஃப் என்னும் மருத்துவர் 1943ஆம் ஆண்டில், மர உருளையில் செல்லோஃபேன் குழாயைச் சுற்றி முதற் செயற்கைச் சிறுநீரகத்தை உருவாக்கினார். லண்டனில் மாண்டவர்க்குக் கிடைக்காத அக்கருவி, பின்வந்தவர்க்குக் கிடைத்தது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று துருக்கியின் மர்மரா பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்தில், நசுங்கிச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் 639 பேர். அவர்களில் 477 பேருக்கு டயாலிஸிஸ் தேவைப்பட்டது. அந்த 639 பேரில் இறந்தோர் நூற்றுக்குப் பதினைந்து அளவே. லண்டனில் நம்பிக்கை இழந்து கைவிடப்பட்ட நோய், துருக்கியில் பெரும்பாலோர் பிழைக்கும் நோயாயிற்று.

‘அப்படியானால் முதல் நாளே டயாலிஸிஸ் செய்திருக்கலாமே’ என்று கேட்பாரும் உண்டு. 15 நாடுகளில் 3,000க்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சை நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, உடனடி ஆபத்து இல்லாதபோது அவசரப்பட்டுத் தொடங்குவதால் உயிர்ச்சேதம் குறைவதில்லை என்று காட்டியது. பொட்டாசியம் ஏறினாலோ, இரத்தத்தில் அமிலம் மிகுந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்தாலோ தாமதிக்கலாகாது. ஆகவே, மூன்றாம் நாள் கேட்டார்கள் என்பதனால் முதல் இரண்டு நாள் உறங்கினார்கள் என்று பொருள் அன்று.

உறவினர் செய்யத் தக்கவை

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இதில் ஒரு தனிக் கடமை உண்டு. ஊரில் விபத்து நேர்ந்தால் வழக்கமாகப் பார்க்கும் குடும்ப மருத்துவர் இருப்பார். பழைய சீட்டுகள் அலமாரியில் இருக்கும். இங்கே நம் பிள்ளைகள் ஒரு பெட்டியோடு வந்திறங்குகிறார்கள். அவர்களுடைய உடலின் வரலாறு வேறெங்கோ கிடக்கிறது. ஆகவே சில சொல்வேன்.

பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டு எதுவாயினும், வேலையில் சேருமுன் எடுத்ததேயாயினும், எறியாது வையுங்கள்; அதன் படம் ஒன்றை வீட்டார் ஒருவரிடமேனும் கொடுத்து வையுங்கள். அதிலுள்ள கிரியாட்டினின் எண்ணே பிற்காலத்தில் மருத்துவருக்கு அளவுகோல்.

நசுங்கிக் கிடந்த நேரம் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் தவறாது சொல்லுங்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், அதற்கு உண்ணும் மாத்திரைகள், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள் ஆகிய எதையும் மறைக்காதீர்கள். வலிமாத்திரைகள் பல, இரத்தம் இழந்த சிறுநீரகத்துக்குப் பகை.

‘எண் எவ்வளவு’ என்று மட்டும் கேளாமல், ‘நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, சிறுநீர் மணிக்கு எவ்வளவு இறங்குகிறது’ என்று கேளுங்கள். 60 கிலோ எடையுள்ளவர்க்கு மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறைவாக ஆறு மணி நேரம் தொடர்ந்து இறங்கினால், கிரியாட்டினின் வாய் திறக்குமுன்பே சிறுநீரகம் முறையிடுகிறது என்று அறியலாம்.

நோயாளியைக் காணச் செல்வோர் அன்பு மிகுதியால் இளநீரும் பழச்சாறும் கொண்டுசெல்வது நம் வழக்கம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நலமுற்றவர்க்கு அமுதாகும் அது, சிறுநீரகம் நின்றவர்க்கு நஞ்சாகலாம். மருத்துவரைக் கேளாமல் ஒரு மிடறும் கொடுக்காதீர்கள்.

சாலையில் அடிபட்டுக் கிடப்பவர் அயலாராயினும், அவரை விரைந்து மருத்துவமனையில் சேர்க்கத் தயங்காதீர்கள். இரத்தம் இழந்து கிடக்கும் ஒவ்வொரு நிமிடமும் சிறுநீரகம் பட்டினி கிடக்கும் நிமிடம். நல்லெண்ணத்தோடு உதவுவோரை வழக்கு வம்பில் இழுக்கலாகாது என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் காக்கிறது. சாலை விபத்தில் காயமுற்றவர்க்கு, குறிக்கப்பட்ட மருத்துவமனைகளில், ஏழு நாட்கள் வரை 1,50,000 ரூபாய் அளவுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025ஆம் ஆண்டு மே மாதம் அறிவித்திருக்கிறது. சேர்க்கும்போதே அதுபற்றிக் கேளுங்கள்.

முடிவில்

அன்றிரவு அன்பரிடம் இவ்வளவும் சொல்ல நேரமில்லை. “மருத்துவர்கள் கெடுக்கவில்லை, கேடு டெம்போவின் அடியிலேயே தொடங்கிவிட்டது. முதல் நாள் சீட்டு அதை அறியவில்லை. பொட்டாசியம் 6.6 என்றால் விடியும்வரை காத்திருக்கலாகாது. போய்க் கையெழுத்திடுங்கள்” என்றேன். சற்று நேரம் பேச்சே எழவில்லை. “சரி, டாக்டர்” என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தார். பதினொன்றரை மணிக்குக் கையெழுத்திட்டார் என்று பின்னர் அறிந்தேன். அவர் மறுத்து நின்ற நான்கரை மணி நேரமும், மருந்துகளால் பொட்டாசியத்தைத் தற்காலிகமாகத் தாழ்த்தி, இதயத்தைக் காத்துக்கொண்டிருந்தவர்கள், அவர் ஐயுற்ற அதே மருத்துவர்கள்தாம்.

ஒன்பது முறை டயாலிஸிஸ் நடந்தது. பதினான்காம் நாள் சிறுநீர் பெருகி இறங்கத் தொடங்கியது. சித்திரையில், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் 1.0. இத்தகைய இளைஞர்களில் பிழைத்தெழுவோர் பெரும்பாலோர்க்கு டயாலிஸிஸ் நிரந்தரமாவதில்லை. ஆயினும், ஒருமுறை ஊறுபட்ட சிறுநீரகத்தை ஆண்டுதோறும் பார்த்துக்கொள்வது நலம் என்று சொல்லியனுப்பினேன்.

மருமகனுடைய அறையைக் காலி செய்யச் சென்றபோது, அவனுடைய பெட்டியில் சட்டைகளின் அடியில் மடித்து வைத்திருந்த ஒரு தாளை அன்பர் கண்டெடுத்தார். வேலையில் சேருமுன் எடுத்த பரிசோதனைச் சீட்டு அது, கிரியாட்டினின் 0.7. அதனை என்னிடம் காட்டி, “இது முதல் நாளே என் கையில் இருந்திருந்தால், அக்காவிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன், கையெழுத்துக்கும் தயங்கியிருக்க மாட்டேன்” என்றார். அத்தாள் இருந்திருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நான்கரை மணி நேரம் தப்பியிருக்கும். ஒரு நல்ல மனிதரின் உள்ளத்தில் வீண் சினம் மூண்டிராது.

இவ்விதழைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெட்டியில் அத்தகைய தாள் ஏதேனும் உளதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.